பூமியின் காந்தக் கவசமும் அண்டக் கதிர்களும்



சென்ற ஆண்டு நடைபெற்ற அறிவியல் கண்காட்சிக்கு நானும் என் தோழியர் இருவரும் ‘பூமி ஒரு காந்தம்’ என்ற மாதிரியைச் செய்து கொண்டுபோனோம். பழைய பூகோள உருண்டை ஒன்றை இரண்டாகப் பிளந்து, உள்ளே ஒரு சட்ட காந்தத்தை வைத்து, சுற்றிலும் செப்புக் கம்பிகளை வளைத்து விசைக் கோடுகளாகக் காட்டியிருந்தோம். ஒரு பக்கத்தில் மஞ்சள் பல்பு, அதுதான் சூரியன். அதிலிருந்து புறப்பட்ட சிவப்பு நூல்கள் கம்பிகளில் பட்டுத் திரும்பிப் போவதுபோலக் கட்டியிருந்தோம். வந்தவர்களுக்கெல்லாம் நான் மனப்பாடமாக ஒப்பித்தது இதுதான்: “சூரியனிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பூமியின் காந்தப் புலம் முழுவதும் தடுத்துவிடுகிறது. அதனால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம்.”

நடுவராக வந்திருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாக முழுவதையும் கேட்டார். பிறகு, “முழுவதும் தடுத்துவிடுகிறது என்றால், ஊட்டியில் இராப்பகலாக எதை அம்மா எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஊட்டியில் அப்படி ஒன்றை எண்ணுகிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பரிசு கிடைக்கவில்லை, அந்த வருத்தம் இரண்டு நாளில் போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. நூலகத்திலும், இயற்பியல் ஆசிரியை சிஸ்டரிடமும் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ‘கதிர்’ என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. ஒளிக்கதிர், எக்ஸ் கதிர் போன்றவற்றுக்கு மின்னூட்டம் கிடையாது. காந்தத்தை எவ்வளவு அருகில் கொண்டு சென்றாலும் டார்ச் விளக்கின் ஒளி வளைவதில்லை அல்லவா? காஸ்மிக் கதிர்கள் எனப்படும் அண்டக் கதிர்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவை பெரும்பாலும் புரோட்டான்கள். ஹீலியம் முதலிய அணுக்களின் கருக்களும், சிறிதளவு எலக்ட்ரான்களும் அவற்றோடு கலந்திருக்கும். ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பறந்து வரும் துகள்கள் இவை. 1912ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் பலூனில் ஏறி 5,000 மீட்டருக்கும் மேலான உயரம் சென்று அளந்தபோது, மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். பூமியிலிருந்து வருவதானால் உயரே செல்லச் செல்லக் குறைய வேண்டும். கூடுகிறது என்றால் மேலிருந்து வருகிறது என்றுதானே பொருள்! இதற்காக 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மேலிருந்து என்றால் எங்கிருந்து? இங்குதான் நான் செய்த முதல் தவறு. எல்லாம் சூரியனிலிருந்து வருவதாக நினைத்து ஒரே ஒரு மஞ்சள் பல்பை வைத்துவிட்டேன். சூரியனும் துகள்களை அனுப்புகிறது என்பது உண்மைதான். பெரும் வெடிப்புகள் நிகழும்போது அவை மிகுதியாக வரும். ஆனால் அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் ஒரு கோடி எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து சில பத்துக் கோடி எலக்ட்ரான் வோல்ட் வரைதான். அதற்கு மேல் பல மடங்கு ஆற்றல் உடையவை சூரியக் குடும்பத்துக்கு வெளியே, நம் பால்வீதி மண்டலத்திலிருந்து வருபவை. வெடித்துச் சிதறிய விண்மீன்களே அவற்றின் முக்கியப் பிறப்பிடம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இவை ஒரு திசையிலிருந்து வருவதில்லை. எல்லாத் திசைகளிலிருந்தும், இரவென்றும் பகலென்றும் பாராமல் வந்துகொண்டே இருக்கின்றன.

இனி காந்தத்துக்கு வருவோம். நம் மாவட்டத்தில் அரூரை அடுத்த தீர்த்தமலைப் பகுதியிலும், பக்கத்துச் சேலத்தில் கஞ்சமலையிலும் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது இருக்கிறது. இப்படிப்பட்ட பாறைகள் உலகெங்கும் இருப்பதால்தான் பூமி காந்தமாக இருக்கிறது என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். அது சரியன்று. பூமியின் காந்தப் புலம் பிறப்பது சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே, உருகிய இரும்பு கொதித்துச் சுழலும் புறக்கருவத்தில். நம் பாறைகள் திசைகாட்டி முள்ளைச் சற்று ஏமாற்றலாம், அவ்வளவே.

இந்தப் புலம் மிகவும் மெலிந்தது. நம் பகுதியில் அதன் வலிமை சுமார் 40,000 நானோடெஸ்லா. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் உள்ள சாதாரணச் சட்ட காந்தம் இதைப்போல நூறு மடங்குக்கு மேல் வலிமையுடையது. அப்படியானால் இத்தனை மெலிந்த புலம் எப்படிக் கவசமாகும்? அதன் பரப்பினால்தான். சட்ட காந்தத்தின் புலம் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். பூமியின் புலமோ சூரியன் இருக்கும் பக்கத்தில் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் வரை நீண்டிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் வால் நட்சத்திரம் போல இன்னும் நெடுந்தொலைவு இழுபட்டுக் கிடக்கிறது. சிறிது சிறிதாக, ஆனால் நெடுவழி முழுவதும் தள்ளிக்கொண்டே இருப்பதால் துகளின் பாதை வளைந்துவிடுகிறது.

வகுப்பில் படித்த ஃபிளெமிங்கின் இடக்கை விதியை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு மட்டுமே பயன்படும் என்று நாம் கேலி செய்த அதே விதிதான்! காந்தப் புலத்துக்குக் குறுக்கே செல்லும் மின்னூட்டத்தின்மீது பக்கவாட்டில் விசை செயல்படும். புலத்தின் திசையிலேயே சென்றால் விசை இல்லை. விசை எப்போதும் பக்கவாட்டிலேயே இருப்பதால் துகளின் வேகம் குறைவதில்லை. வழி மட்டும் வட்டமாக வளைகிறது. சிஸ்டர் சூத்திரம் கொடுக்க, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் நம் ஊர்ப் புலத்தின் வலிமையில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டமாகச் சுருண்டுவிடும். இங்கிருந்து பெங்களூர் போகும் தூரம்தான் அது. 1,700 கோடி எலக்ட்ரான் வோல்ட் உடையதென்றால் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். அது சுருண்டுவிடாமல் ஊடுருவி வர வாய்ப்பு உண்டு.

ஆகவே பூமியின் காந்தப் புலம் சுவர் அன்று, சல்லடை. கண்ணாடிக் கூண்டுபோல எல்லாவற்றையும் நிறுத்துவதில்லை. ஆற்றல் குறைந்தவற்றைத் தள்ளிவிட்டு, மிகுந்தவற்றை உள்ளே விடுகிறது. இது நான் திருத்திக்கொண்ட இரண்டாவது தவறு.

இந்தச் சல்லடையின் இழை எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதும் பிடித்த செய்தி. துருவங்களில் விசைக் கோடுகள் ஏறக்குறையச் செங்குத்தாகப் பூமிக்குள் இறங்குகின்றன. மேலிருந்து வரும் துகள் கோட்டின் வழியே வழுக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். தடுக்க விசை இல்லை. நம் பக்கத்திலோ கோடுகள் கிட்டத்தட்டப் படுக்கையாக, தெற்கிலிருந்து வடக்காகச் செல்கின்றன. மேலிருந்து வரும் துகள் அத்தனையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு வரவேண்டும். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், உலகிலேயே தடை மிக உயர்ந்த பகுதிகளுள் தென்னிந்தியாவும் ஒன்று. நேர் மேலிருந்து ஊட்டிக்கு வர வேண்டுமானால் ஒரு புரோட்டானுக்கு ஏறத்தாழ 1,700 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. வடதுருவத்தை அடுத்த நாடுகளில் இதில் மிகச் சிறு பங்கு போதும். வெயில் நமக்குத்தான் அதிகம், ஆதலால் விண்ணிலிருந்து வரும் துகளும் நமக்குத்தான் அதிகம் என்று எண்ணுவது இயல்பு. உண்மை நேர் எதிரானது!

இதை முதலில் கவனித்தவர் யாகோப் கிளே என்ற டச்சு அறிஞர். 1927இல் ஜாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்றபோது கருவியோடு பயணம் செய்த அவர், நடுக்கோட்டுப் பகுதியில் கதிர்கள் குறைவாகவும், வடக்கே போகப் போக மிகுதியாகவும் இருப்பதைக் கண்டார். அக்காலத்தில் புகழ்பெற்ற ராபர்ட் மில்லிகனோ, அண்டக் கதிர்கள் ஒளியைப் போன்றவை, காந்தத்துக்குக் கட்டுப்படாதவை என்று வாதிட்டுவந்தார். ஆர்தர் காம்ப்டன் 1930களின் தொடக்கத்தில் உலகின் பல பகுதிகளிலும் அளக்கச் செய்து, கிளே கண்டது சரியே என்று காட்டினார். பின்னர் 1939-40 குளிர்காலத்தில் மில்லிகனே இந்தியாவுக்கு வந்து பெங்களூர், ஆக்ரா, பெஷாவர் ஆகிய மூன்று இடங்களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். காந்த அட்சரேகை வேறுபட்ட மூன்று ஊர்களைத் தேடிப் பிடித்ததே, காந்தம் இவற்றை ஆள்கிறது என்பதை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் அல்லவா? நோபல் பரிசு பெற்றவரும் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதைப் படித்தபோது, கண்காட்சியில் திகைத்து நின்ற எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. இன்னொன்று: மேற்கிலிருந்து வரும் துகள்கள் கிழக்கிலிருந்து வருபவற்றைவிட அதிகம் என்பது 1933இல் தெரியவந்தது. பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் உடையவை என்பது அதனால்தான் உறுதியாயிற்று.

சரி, சல்லடையைத் தாண்டி வந்தவை என்ன ஆகின்றன? அவை காற்றில் மோதி உடைகின்றன. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதன் எடையும் 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். அதுவே இரண்டாவது கவசம். மோதலில் பிறக்கும் புதிய துகள்களுள் மியூவான் என்பது தரை வரைக்கும் வந்துசேரும். உள்ளங்கையை நீட்டி வையுங்கள். நொடிக்கு ஒன்று என்ற அளவில் அதன் வழியே சென்றுகொண்டிருக்கும். வலிக்காது, தெரியாது. கூரை, சுவர் எதுவும் அதை நிறுத்தாது. அதற்கு ஒளிய வேண்டுமானால் கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். அவ்வாறே இறங்கிய விஞ்ஞானிகள், 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் 1965ஆம் ஆண்டு நியூட்ரினோ துகளின் அடையாளத்தைக் கண்டனர். அச்சுரங்க ஆய்வுகளில் பின்னர் பங்குகொண்டவர்களுள் பிபா சௌத்ரி என்ற பெண் விஞ்ஞானியும் ஒருவர். 1930களின் இறுதியிலேயே மலையுச்சியில் ஒளிப்படத் தகடுகளை வைத்து அண்டக் கதிர்களை ஆராய்ந்தவர். 2019ஆம் ஆண்டு ஒரு விண்மீனுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பெண்கள் பள்ளி மலரில் அவரைக் குறிப்பிடாமல் போக எனக்கு மனமில்லை.

ஊட்டியில் எண்ணுவது இந்த மியூவான்களைத்தான். ஹோமி பாபா 1945இல் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அண்டக் கதிர் ஆய்வுக்கூடம் அங்கு சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கருவியின் பெயர் ‘கிரேப்ஸ்-3’. பெயரைக் கேட்டுத் திராட்சைத் தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்! ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்தும் ஆய்வு அது. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்கள், மேலே ஏறத்தாழ 2 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. கான்கிரீட்டைத் துளைத்து வரக்கூடிய மியூவான்கள் மட்டும் குழாய்களில் பதிவாகும். ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி! எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் தெரியும்.

இனி அந்த ஓர் இரவு. 2015ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள். சூரியனிலிருந்து எறியப்பட்ட பெரிய மின்னூட்டத் துகள் மேகம் ஒன்று, மணிக்கு ஏறத்தாழ 25 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பூமியின் காந்த மண்டலத்தை மோதியது. இத்தகைய மேகம் தன்னோடு காந்தப் புலத்தையும் சுமந்து வரும். அது பால்வீதியிலிருந்து வரும் அண்டக் கதிர்களை விளக்குமாறு போலத் துடைத்துச் செல்லும். ஆதலால் சூரியப் புயல் வந்தால் பூமியில் அண்டக் கதிர்கள் குறைய வேண்டும். ஸ்காட் ஃபோர்புஷ் என்பவர் 1937இலேயே கண்டறிந்த உண்மை இது. ஊட்டியிலும் முதலில் குறையத்தான் செய்தது. ஆனால் நமக்கு நள்ளிரவு கடந்து அரை மணி ஆனபோது, குறைந்துகொண்டிருந்த எண்ணிக்கை திடீரென ஏறியது. சுமார் இரண்டு மணி நேரம் அப்படியே இருந்து, பிறகு தணிந்தது. ஏதோ ஒரு பக்கத்திலிருந்து மட்டுமன்று. ஆய்வாளர்கள் வானத்தைப் பிரித்துப் பார்த்த ஒன்பது திசைகளிலும் ஒரே நேரத்தில் ஏறியது.

அந்நேரம் நாமெல்லாம் உறங்கிக்கொண்டிருந்தோம். சூரியன் பூமியின் மறுபக்கத்தில் இருந்தது. இந்தத் துகள்களின் ஆற்றல் ஏறத்தாழ 2,000 கோடி எலக்ட்ரான் வோல்ட். சூரியன் அனுப்பும் துகள் அவ்வளவு ஆற்றலோடு வருவது மிக அரிது. அப்படியானால் இவை வந்தது எப்படி?

மொகந்தி, குப்தா முதலான கிரேப்ஸ் குழுவினர் கணினியில் பலமுறை கணக்கிட்டு, 2016 அக்டோபரில் தங்கள் விளக்கத்தை வெளியிட்டனர். அந்த மேகம் கொண்டுவந்த காந்தப் புலம் 40 நானோடெஸ்லா. நம் புலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் பூமியின் புலத்தில் மோதி அது ஏறத்தாழ 17 மடங்கு அழுத்தப்பட்டு 680 நானோடெஸ்லா ஆனது. அதன் திசையும் முக்கியம். அன்று அது தெற்கு நோக்கி இருந்தது. நம் பூமியின் புலமோ வடக்கு நோக்கி. எதிரெதிர்த் திசையில் உள்ள இரண்டைக் கூட்டினால் என்ன ஆகும்? கழித்தல்தான். எதிர்த்திசைக் கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று புதிதாக இணைந்துகொள்ளும். சூரியனைப் பார்த்த பக்கத்தில், பூமியின் ஆரத்தைப்போல் 11 மடங்கு தொலைவில் இருந்த காந்த எல்லை 4 மடங்குக்குச் சுருங்கியிருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். சல்லடை சற்றே தளர்ந்தது. ஆற்றல் குறையக் குறையத் துகள்களின் எண்ணிக்கை மிக வேகமாகக் கூடும் என்பதால், வரம்பு சிறிதளவு தாழ்ந்தாலே நிறையத் துகள்கள் உள்ளே வந்துவிடும். வழக்கமான நாளில் திருப்பி அனுப்பப்படும் துகள்கள் அன்று பகல் பக்கத்தில் நுழைந்து, 210 பாகை அளவுக்கு வளைக்கப்பட்டு, இருட்டில் கிடந்த நீலகிரியில் வந்து விழுந்தன.

அதாவது, அந்தத் துகள்களைச் சூரியன் அனுப்பவில்லை. அவை என்றோ எங்கோ வெடித்த விண்மீன்களிலிருந்து வந்து எப்போதும்போல் வாசலில் காத்துக்கிடந்தவை. சூரியன் செய்ததெல்லாம் கதவைச் சற்று நெகிழ்த்தியதுதான். என் மாதிரியில் சிவப்பு நூலும் தவறு, மஞ்சள் பல்பின் வேலையும் தவறு என்று அப்போதுதான் புரிந்தது. தடை மிக உயர்ந்த இடத்தில் கருவி இருந்ததால்தான் இந்தத் தளர்ச்சி இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. துருவத்தின் அருகே வாசல் எப்போதுமே திறந்துதான் கிடக்கிறது. அங்கே திறந்ததை யார் கவனிப்பார்?

பயப்பட வேண்டுமா என்று என் பாட்டி கேட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. 10 மீட்டர் தண்ணீருக்குச் சமமான காற்று இருக்கிறதே! காந்தப் புலத்தால் மட்டுமே உயிரோடு இருக்கிறோம் என்று நான் ஒப்பித்ததும் பாதி உண்மைதான். ஆனால் அந்தக் காற்றுக்கு மேலே இருக்கும் விண்வெளி வீரர்களுக்கும் செயற்கைக் கோள்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. தரையிலும் மின்சார வலைக்கு ஆபத்து உண்டு. 1989 மார்ச் 13ஆம் நாள் காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தனர். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹன்லே வானில் செந்நிற ஒளி படமெடுக்கப்பட்டது. துருவ ஒளி இந்தியாவரை வந்துவிட்டதே என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அழகுதான், ஆனால் அதுவும் சல்லடை நெகிழ்ந்ததன் அடையாளமே.

இப்போது வாசலுக்கு முன்னால் ஒரு காவலும் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6ஆம் நாள் சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது. வரும் மேகத்தின் காந்தப் புலம் வடக்கு நோக்கியதா, தெற்கு நோக்கியதா என்பதை அது பூமியை மோதுவதற்கு முன்பே அளக்கும் கருவி அதில் உண்டு. தெற்கு என்றால்தான் கவலை என்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

இந்த ஆண்டு மாதிரியை மறுபடியும் செய்திருக்கிறோம். பல்பு இருக்கிறது, ஆனால் நூல்கள் அதிலிருந்து புறப்படவில்லை. மண்டபத்துக் கூரையிலிருந்து எல்லாப் பக்கமும் நீல நூல்கள் தொங்குகின்றன. துருவங்களில் கம்பிகளுக்கு இடையே பல நூல்கள் உருண்டையைத் தொடுகின்றன. நம் பக்கத்தில் ஒன்றே ஒன்று, ஊட்டியில் குத்திய குண்டூசியைத் தொடுகிறது. பல்பின் பக்கம் உள்ள ஒரு செப்புக் கம்பியை மட்டும் கொக்கியில் மாட்டிக் கழற்றும்படி வைத்திருக்கிறோம். அதைக் கழற்றினால் இன்னும் இரண்டு நூல்கள் சுற்றி வளைந்து வந்து குண்டூசியின்மேல் விழும். கொக்கி அடிக்கடி தானாகவே கழன்றுவிடுகிறது. கண்காட்சிக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும்.